நாலு கம்பிக்காரர்

சனிக்கிழமை மாலை ஐந்தேகால். மேற்குச் சிட்னியில் ஓர் ஆர்.எஸ்.எல். கிளப்பின் பின்வாசல். குப்பைத்தொட்டிகளுக்கும் காலி பீர் பீப்பாய்களுக்கும் நடுவே ஒரு வெள்ளை வேன் பின்பக்கமாக வந்து நிற்கிறது. முழங்காலில் கை ஊன்றி மெல்ல இறங்குகிறவருக்கு வயது 66. வேனிலிருந்து முதலில் வெளியே வருவது கிட்டார் இல்லை, இரண்டு சக்கரத் தள்ளுவண்டி.

"தம்பி, இந்தப் பெட்டியை அந்தப் பக்கத்தாலை ஒருக்காப் பிடியும். பெட்டி பாரமில்லை, என்ரை முதுகுதான் பாரம்."

பிடித்தேன். உண்மையில் பாரமில்லைதான். தோளில் மாட்டும் சிறு பைக்குள் ஆம்ப் அடங்கிவிட்டது. மூன்று கிலோ இருக்கும். பழைய கதை வேறு. 1969இல் ஆம்பெக் கம்பெனி கொண்டுவந்த எஸ்விடி என்ற பேஸ் ஆம்ப்பின் தலைப்பகுதியே 38 கிலோவைத் தாண்டும். அதன் ஸ்பீக்கர் அலமாரி அதைவிடப் பாரம். முப்பது வயதில் அந்த மாதிரிப் பெட்டிகளை மாடிப்படியில் ஏற்றி இறக்கியதற்கான வட்டியைத்தான் இப்போது முதுகு வசூலிக்கிறது.

கட்டுரையில் பெயர் வேண்டாம் என்றார். "பேஸ் அடிக்கிறவன்ரை பேரை ஆர் கேட்டவை?" ஆகவே அவர் நமக்கு அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், 1986இல் சிட்னி வந்தவர். வாரநாட்களில் தபால் தரம்பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றாயிற்று. வார இறுதி வேலைக்கு மட்டும் ஓய்வு வரவில்லை. நாற்பது ஆண்டுகளாக வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் கவர் பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார்.

கவர் பேண்ட் என்றால் நமக்குப் புதிதில்லை. நம்மூர் மெல்லிசைக் குழுதான், ஆர்கெஸ்ட்ராதான். யாழ்ப்பாணத்தில் கோஷ்டி என்பார்கள். கோயில் திருவிழாவில் கண்ணன் கோஷ்டி வருகிறது என்றால் பாய், தலையணையோடு போய் விடிய விடியக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அண்ணையும் பதினேழு வயதில் அப்படிக் கேட்கப் போனவர். எல்லாரும் பாடகரைப் பார்க்க, இவர் மேடையோரம் நின்றவரின் கிட்டாரில் ஏன் நாலே நாலு கம்பி என்று பார்த்திருக்கிறார். 'இரண்டு கம்பி அறுந்துபோச்சோ?' என்று அன்று தான் கேட்ட கேள்வியை இன்றும் யாராவது தன்னிடம் கேட்கிறார்கள் என்கிறார். சிட்னியிலும் கேட்கிறார்களாம்.

ஆறு மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது சவுண்ட் செக் பாதியில் நின்றது. விளக்குகள் மங்கின. பீர் கோப்பைகள் மேசைக்கு இறங்கின. எல்லாரும் எழுந்து ஒரே பக்கம் திரும்பி நின்றார்கள். போரில் இறந்தவர்களுக்கான நினைவுக் கவிதையின் சில வரிகள் ஒலிபெருக்கியில் வந்தன. ஆர்.எஸ்.எல். என்பது முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படையினருக்காக 1916இல் தொடங்கிய சங்கம். அதன் வழிவந்த கிளப்புகளில் இந்தச் சடங்கு ஒவ்வொரு மாலையும் நடக்கிறது. அண்ணை தோளில் கிட்டாரோடு தலைகுனிந்து நின்றார். ஒரு நிமிடத்தில் விளக்கு வந்தது, பக்கத்து அறையில் சூதாட்ட இயந்திரங்கள் மறுபடி சிணுங்கத் தொடங்கின. "எங்கட செத்த ஆக்களையும் நான் இந்த நேரத்திலைதான் நினைக்கிறனான்" என்று சொல்லிவிட்டு முறுக்காணியைத் திருகப் போய்விட்டார்.

பேஸ் கிட்டார் என்னதான் செய்கிறது? 'இளைய நிலா' பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்துக் கிட்டாரை முணுமுணுக்காத தமிழர் குறைவு. அதற்குக் கீழே சசிதரன் வாசித்த பேஸ் பாட்டு முழுக்க நடந்துகொண்டே இருக்கிறது. அதை முணுமுணுத்த ஒருவரையாவது பார்த்திருக்கிறீர்களா? ஆனால் அதை எடுத்துவிட்டுப் போட்டுக் காட்டினால், பாட்டுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எவரும் சொல்லிவிடுவார்கள். என்ன ஆனது என்று மட்டும் சொல்ல வராது.

நம் மரபில் இவருக்கு ஓர் அண்ணன் உண்டு: நாதஸ்வரச் செட்டில் ஒத்து ஊதுபவர். ஒரே சுருதியை, கன்னத்தில் காற்றை அடக்கி, மூச்சு விட்ட இடம் தெரியாமல் பிடித்துக்கொண்டிருப்பார். ராகம் வாசிப்பவரைத்தான் கூட்டம் பார்க்கும். தவிலுக்குத் தலையாட்டும். ஒத்துக்காரரை யாரும் பார்ப்பதில்லை. மின்சாரச் சுருதிப்பெட்டி வந்தபோது செட்டில் முதலில் வேலை போனது அவருக்குத்தான். இந்த உவமையை அண்ணையிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "பெட்டி எனக்கும் வந்திட்டுது தம்பி, பிறகு சொல்லுறன்" என்றார்.

எட்டரைக்கு முதல் செட். முக்கால் மணி நேரம் வாசிப்பு, இருபது நிமிடம் இடைவேளை, இப்படி மூன்று செட். குழுவில் ஐந்து பேர். ட்ரம்மர் குழாய் வேலைக்காரர், பாடகி ஒரு தாதி, கிட்டாரிஸ்ட் பள்ளி ஆசிரியர், கீபோர்டுக்காரருக்கு என்ன வேலை என்று யாருக்குமே சரியாகத் தெரியவில்லை. முதல் செட்டில் ஜனங்கள் சாப்பிடுவார்கள், சத்தம் கூடாது. இரண்டாவதில் கால் தட்டுவார்கள். மூன்றாவது செட்டுக்காகத்தான் குழுவை அழைப்பதே.

ஆஸ்திரேலியக் கவர் பேண்டுக்குச் சில கட்டாயப் பாட்டுகள் உண்டு. 'நட்புஷ் சிட்டி லிமிட்ஸ்' தொடங்கினால் பாட்டி முதல் பேத்தி வரை எழுந்து வரிசை கட்டி ஒரே மாதிரி அடியெடுத்து ஆடுவார்கள். பாடியது அமெரிக்காவின் டீனா டர்னர், ஆண்டு 1973. அந்த வரிசை ஆட்டம் இங்கே பள்ளிக்கூடத்திலேயே பழகுவது. தி ஏஞ்சல்ஸ் குழுவின் ஒரு பாட்டில் பாடகர் கேள்வி கேட்பார், கூட்டம் மொத்தமும் அச்சில் ஏற்ற முடியாத ஒரு பதிலைக் கத்தும். பாட்டை எழுதியவர்கள் அந்தப் பதிலை எழுதவில்லை, ஜனங்களே சேர்த்தது. இவற்றுக்கெல்லாம் மேலே 'ஈகிள் ராக்'. மெல்பர்னின் டாடி கூல் குழு 1971இல் வெளியிட்டது. இந்தப் பாட்டு வந்ததும் ஆண்கள் கால்சட்டையைக் கணுக்கால் வரை இறக்கிவிட்டு ஆடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் ஒழுங்கான பதில் கிடையாது.

"முதல்முறை பாக்கேக்கை விரல் நிண்டுபோச்சு. பாட்டை நிப்பாட்டி ஓடுவமோ எண்டு யோசிச்சனான். ட்ரம்மர் கத்தினான், 'வாசி, வாசி!' எண்டு."

அந்த 'ஈகிள் ராக்'கில் பேஸ் வாசித்தவர் வெய்ன் டங்கன். 1960களில் ராண்டெல்ஸ் என்ற குழுவில் பாபி அண்ட் லாரி ஜோடிக்குப் பின்வாத்தியம் வாசித்து வளர்ந்தவர். 2016 டிசம்பரில் 72 வயதில் இறந்தார். அண்ணை அவரைச் சந்தித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் அவர் விரல் போன தடத்தில் தன் விரலை வைக்கிறார். கவர் வாசிப்பவர்களை ஈயடிச்சான் காப்பி என்று சொல்பவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. தியாகராஜர் கீர்த்தனையைப் பாடுபவரை யாரும் அப்படிச் சொல்வதில்லையே.

மூன்றாவது செட்டின் நடுவில் 'கே சான்' வந்தது. 1978இல் கோல்ட் சிசல் குழுவுக்காக டான் வாக்கர் எழுதியது. வியட்நாம் போரிலிருந்து திரும்பி எங்கும் ஒட்டாமல் அலைபவனின் பாட்டு. வந்த புதிதில் வார்த்தைகள் சரியில்லை என்று வணிக வானொலிகளில் தடைபட்டது. இன்று அதுதான் தேசிய கீதத்துக்கு அடுத்தபடி. வழுக்கைத் தலையர்கள் தோளில் கை போட்டு வட்டமாக நின்று கண்ணை மூடிப் பாடினார்கள். போருக்குப் போய்த் திரும்பியவனின் பாட்டை, போர் துரத்தி வந்தவர் பின்னால் நின்று தாங்கிக்கொண்டிருந்தார். இதை அவரிடம் சொல்லியிருந்தால், 'உதெல்லாம் உங்கட எழுத்து வேலை' என்றிருப்பார். சொல்லவில்லை.

இந்த மேடைகள் எப்படி வந்தன என்பதற்கு ஒரு சட்டக் கதை இருக்கிறது. 1916இல் போர்க்காலச் சிக்கனம் என்று சொல்லி நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் மதுக்கடைகளை மாலை 6 மணிக்கே மூடவைத்தார்கள். வேலை விட்டு ஐந்துக்கு ஓடிவந்து ஆறுக்குள் விழுங்கித் தீர்க்கும் கூட்டத்துக்குப் பாட்டு எதற்கு? சிட்னியில் 1955இலும் மெல்பர்னில் 1966இலும்தான் அந்தச் சட்டம் போனது. இரவு திறந்தது, இரவை நிரப்ப ஆள் தேவைப்பட்டது, பப் ராக் என்ற இசையே அதிலிருந்து பிறந்தது. எழுபது, எண்பதுகளில் வாரம் நாலு இரவு வேலை கிடைத்ததை மூத்த கலைஞர்கள் இன்னும் ஏக்கத்தோடு சொல்கிறார்கள்.

பிறகு போக்கி வந்தது. காசு போட்டுத் தட்டும் சூதாட்ட இயந்திரத்துக்கு இங்கே அதுதான் பெயர். நியூ சவுத் வேல்ஸ் கிளப்புகளில் 1956லேயே சட்டபூர்வம். 1997இல் பப்புகளுக்கும் வந்தது. பல பப்புகளில் மேடை இருந்த மூலையில் இயந்திரங்கள் குந்தின. இயந்திரத்துக்குச் சாப்பாடு போட வேண்டாம், அது சத்தமாக வாசிக்கிறது என்று யாரும் புகார் செய்வதுமில்லை. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: கிளப்பில் அண்ணைக்குக் கிடைக்கும் கூலியிலும் அந்த இயந்திர வருமானம் கலந்திருக்கிறது. அவருக்கும் அது தெரியும்.

புகார் என்றதும் பேஸின் இன்னொரு விதி. அதன் ஆகக் கீழ்க்கம்பியின் சுரம் வினாடிக்கு 41 அதிர்வு. ஓர் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். கிட்டாரும் குரலும் சுவரில் முட்டித் தேய்ந்துவிடும். இது சுவரை மதிக்காது. அதனால் அறைக்குள் யாருக்கும் தனியாகக் கேட்காத பேஸ், தெருவுக்கு எதிரே படுத்திருப்பவருக்கு மட்டும் 'டும், டும்' என்று தனியாகக் கேட்கும். உள்நகரில் அடுக்குமாடிகள் எழுந்த பிறகு, புதிதாகக் குடிவந்தவர்கள் பழைய பப் மீது புகார் கொடுக்கத் தொடங்கினார்கள். 2014இல் விக்டோரியா ஒரு நியாயமான விதி கொண்டுவந்தது: ஏற்கெனவே இசை நடக்கும் இடத்தருகே புதிதாக வீடு கட்டுபவர்தான் ஒலித்தடுப்புச் செலவை ஏற்க வேண்டும்.

அதற்கு முன் மெல்பர்ன் ஒரு சண்டை போட வேண்டியிருந்தது. நேரடி இசை இருந்தாலே அந்த இடம் ஆபத்தானது என்று மது உரிம அதிகாரிகள் கணக்குப் போட்டு, காவலாட்களை வைக்கச் சொன்னார்கள். 2010 ஜனவரியில் காலிங்வுட்டின் தி டோட் பப் இந்தச் செலவு தாங்காமல் மூடியது. பிப்ரவரி 23ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் நாடாளுமன்றப் படிக்கட்டு வரை ஊர்வலம் போனார்கள். தேதி தற்செயல் இல்லை. 1976இல் அதே நாளில்தான் ஏசி/டிசி குழு, ஒரு திறந்த லாரியின் மேல் நின்று ஸ்வான்ஸ்டன் தெருவில் வாசித்துக்கொண்டே போய்ப் படம் பிடித்தது. டோட் அந்த ஆண்டே மறுபடி திறந்தது.

அந்த லாரியில் பேஸ் வாசித்த மார்க் எவன்ஸுக்கு அன்று 19 வயது. அடுத்த ஆண்டே குழுவிலிருந்து நீக்கினார்கள். குழு உலகப் புகழ் பெற்றது. 2003இல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவர்களைக் கௌரவித்தபோது, முதலில் எவன்ஸ் பெயரையும் அறிவித்துவிட்டுப் பிறகு எடுத்துவிட்டது. 2011இல் அவர் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். 2017இல், அறுபது கடந்த பிறகு, ரோஸ் டாட்டூ குழுவில் சேர்ந்து மறுபடி மேடை ஏறினார். இந்தக் கதையை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அண்ணை குறுக்கிட்டது ஒரே இடத்தில்தான்: "திரும்பவும் வாசிக்க வந்தவர்தானே? காணும்."

இடைவேளை. குழுவுக்குச் சாப்பாட்டுச் சீட்டு. மற்றவர்கள் சிக்கன் பார்மி வாங்கினார்கள். கோழியை ரொட்டித்தூளில் பொரித்து, தக்காளிச் சாறும் சீஸும் போட்டுத் தருவது. இதையே மெல்பர்னில் பார்மா என்று சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். அண்ணை உருளைக்கிழங்குப் பொரியலும் சாலட்டும் மட்டும் எடுத்தார். சாப்பிடும்போது இடது கையைக் கவனித்தேன். சுண்டுவிரலின் நடு மூட்டு வீங்கிப் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. பேஸின் கம்பி நீளம் வழக்கமாக 34 அங்குலம். முதல் கட்டங்களில் விரல் அகல விரிய வேண்டும். மூட்டு வாதம் வந்த பிறகு சுண்டுவிரல் செய்த வேலையை மோதிரவிரலுக்கு மாற்றி, ஒவ்வொரு பாட்டுக்கும் புதுப் பாதை கண்டுபிடித்திருக்கிறார். எட்டுச் சுரம் இருந்த இடத்தில் ஐந்து. "யாருக்கும் தெரியேல்லை. எனக்கே இப்ப ஐஞ்சுதான் வடிவாக் கிடக்கு." மோட்டவுன் கம்பெனியின் ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையின் ஒற்றை ஆள்காட்டி விரலால்தான் அத்தனை பாட்டுக்கும் பேஸ் வாசித்தார் என்பது அவருக்குப் பெரிய ஆறுதல்.

காதுக்கு அந்த ஆறுதல் இல்லை. ஆஸ்திரேலிய வேலையிட விதிப்படி 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம்தான் எல்லை. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். மூன்று செட்டுக்கு எங்கே போவது? நாற்பது ஆண்டு ட்ரம்மரின் ஹை-ஹாட் தட்டுக்குப் பக்கத்திலேயே நின்றதில் வலது காதில் ஒரு சில்வண்டு குடியேறிவிட்டது. இப்போது காதடைப்பான் போடுகிறார். இருபது வயதில் போட்டிருக்க வேண்டியது.

இனி காசு. முதல் வருடம் ஓர் இரவுக்கு நூறு டாலர் வாங்கினாராம். இன்று இருநூறு. நாற்பது ஆண்டில் வீட்டு விலை எங்கே போயிற்று என்று சிட்னிக்காரரிடம் கேட்டால் அழுதுவிடுவார். மாலை நாலு மணிக்கு வீட்டை விட்டு, இரவு ஒரு மணிக்குத் திரும்புகிறார். ஒன்பது மணி நேரம். மணிக்கு 22 டாலர், பெட்ரோல் தனி. 2024 ஜூலையில் நாட்டின் குறைந்தபட்ச ஊதியமே மணிக்கு 24 டாலர் 10 சென்ட். பாட்டை எழுதியவருக்கு உரிமத்தொகை போகிறது. அதற்கென 1926இலிருந்து ஆப்ரா என்ற அமைப்பு இருக்கிறது, கிளப் கட்டணம் கட்டிவிடும். அது சரிதான். வாசிப்பவருக்கு அந்த இரவுக் கூலி ஒன்றே. மியூசிஷியன்ஸ் ஆஸ்திரேலியா தொழிற்சங்கம் ஒரு கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சிக்குக் குறைந்தது 250 டாலர் வேண்டும் என்று போராடி, விக்டோரியா உட்படச் சில மாநில அரசுகளைத் தங்கள் பணத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்காவது அதை ஏற்கவைத்தது. பப்புக்கும் கிளப்புக்கும் கல்யாண மண்டபத்துக்கும் அந்தக் கட்டாயம் இல்லை.

அடுத்த வாரம் மெல்பர்ன். டண்டினாங் பக்கம் ஒரு மண்டபத்தில் இலங்கையர் விருந்து நடனம். நிரந்தர பேஸ்காரருக்குக் கண் அறுவைச் சிகிச்சை என்பதால் அண்ணையைக் கூப்பிட்டிருந்தார்கள். 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் பெருமளவில் மெல்பர்னுக்குக் குடிபெயர்ந்தார்கள். பைலா என்ற அவர்களின் ஆட்டப்பாட்டும் கூடவே வந்தது. இந்த நகரத்துக்கும் கொழும்புக்கும் வேறு பாட்டுத் தொடர்பும் உண்டு. மெல்பர்னின் புகழ்பெற்ற சீக்கர்ஸ் குழுவில் பன்னிரண்டு கம்பிக் கிட்டார் வாசித்த கீத் பாட்ஜர் கொழும்பில் பிறந்தவர். அதே குழுவில் கனத்த கண்ணாடியோடு ஆளுயர டபுள் பேஸை அணைத்து நின்ற அதோல் கை, நடுவில் விக்டோரியச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்துவிட்டு, 73 வயதில் 2013 சுற்றுப்பயணத்திலும் அதே பேஸோடு நின்றார். 'சின்ன மாமியே' பாட்டைத் தந்த நித்தி கனகரத்தினம் வாழ்வதும் மெல்பர்னில்தான்.

மண்டபத்தில் ஆட்டம் ஓயவே இல்லை. எழுபது வயதுத் தம்பதிகள் இரவு பன்னிரண்டுக்கும் ஆடுதரையை விட்டு நகரவில்லை. பைலாவில் பேஸ் தடுக்கினால் ஆடுபவர் கால் அந்தக் கணமே தடுக்கும். சிட்னி கிளப்பில் பார்க்காத ஒன்றை அங்கே பார்த்தேன்: ஒரு மூதாட்டி ஆடிக்கொண்டே மேடையோரம் வந்து, பாடகரை விட்டுவிட்டு, அண்ணையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கிழவர் வெட்கப்பட்டார்.

திரும்பும் வழியில்தான் 'பிறகு சொல்லுறன்' என்ற கதையைச் சொன்னார். இப்போது இருவர் போதும்: ஒரு பாடகர், ஒரு கிட்டார், மீதியெல்லாம் மடிக்கணினியில் டிராக். குழுவைச் சுருக்க நினைக்கும் எவரும் முதலில் வெட்டுவது பேஸைத்தான். கூட்டத்துக்கு வித்தியாசம் தெரியாது என்பது கணக்கு. கிளப்புகள் இன்னும் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. அவரை முதலில் வெட்டியது நம்மவர்கள். சிட்னியில் ஒரு தமிழ்க் கல்யாண வரவேற்பு. ஒத்திகை எல்லாம் முடிந்த பிறகு, இரண்டு நாள் முன்னால் தொலைபேசியில், "அண்ணை, குறை நினையாதேங்கோ, டிராக் இருக்கு, பேஸ் தேவைப்படாது." பூ அலங்காரத்தில் கை வைத்ததாகத் தெரியவில்லை. அண்ணை அந்த வரவேற்புக்குப் பட்டுச்சேலைப் பார்சலோடு விருந்தாளியாகவே போயிருக்கிறார். டிராக்கில் பேஸ் நன்றாகவே இருந்ததாம். பாடகர் ஒரு சரணத்தைத் தவறி முந்தி எடுத்தபோது அது மட்டும் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்ததாம். மனிதர் வாசித்திருந்தால் அந்த இடத்தில் பாடகரோடு தாவியிருப்பார், சபைக்குத் தெரிந்தே இருக்காது.

2021 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் ஏறக்குறைய 95,000 பேர். பூப்புனித நீராட்டு, அறுபதாம் கல்யாணம், வெள்ளிவிழா என்று மண்டபம் பிடிக்காத வார இறுதி இல்லை. சென்னையிலிருந்து பாடகரை விமானத்தில் அழைக்கக் காசு இருக்கிறது. அடுத்த முறை குழுவோடு விலை பேசும்போது, டிராக் வேண்டாம், பேஸ் வாசிக்க ஓர் ஆள் வேண்டும் என்று கேளுங்கள். அவருக்கு 250 டாலர் கொடுங்கள், சாப்பாடும் கொடுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் சைவம்.